கூரை ஒழுகுகிறதா? ஷீட் வேலைக்காரரிடம் வாசகர் கேள்விகள்

கடலூர் முதுநகரில் முப்பத்திரண்டு வருஷமாக ஷீட் கூரை போடுகிறேன். தகரக் கூரையில் என்ன தொல்லை இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். ஒரு பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. அதனால் ஒழுகல், காற்று இரண்டைப் பற்றியும் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

படுக்கையறைக்கு மேல் ஷீட் ஒழுகுகிறது. மூன்று வருஷமாக மழைக்கு முன்னால் தார் பூசிப் பார்க்கிறோம். ஓரிடத்தில் நின்றால் இரண்டடி தள்ளிச் சொட்டுகிறது. மொத்த ஷீட்டையும் மாற்றிவிடலாமா? — வாசகி, மயிலாடுதுறை

அவசரப்பட்டு மாற்றாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஷீட் நன்றாகத்தான் இருக்கிறது, பிடிமானம்தான் தளர்ந்திருக்கிறது.

தண்ணீர் சொட்டுகிற இடமும் உள்ளே நுழைகிற இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. மேலே ஒரு ஸ்க்ரூ ஓட்டை வழியாக இறங்கும். ஷீட்டின் அடிப்பக்கத்தை ஒட்டியே வாட்டத்தோடு ஓடி வரும். குறுக்கே போகிற பைப்பில் இடித்ததும் அங்கே நின்று சொட்டும். நீங்கள் கட்டிலுக்கு நேர் மேலே தார் பூசுகிறீர்கள். ஓட்டையோ நாலடி மேலே இருக்கிறது.

முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். மழை இல்லாத ஒரு காலையில், வீட்டுக்குள் ஒருவர் டார்ச்சோடு நிற்கட்டும். மேலே ஒருவர் தோட்டத்துக் குழாயை எடுத்துக்கொண்டு, கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஸ்க்ரூ வரிசையாக மேலே போகட்டும். ஒரு வரிசைக்குப் பத்து நிமிஷமாவது தண்ணீர் விட வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சியில் விட்டால் கூரை முழுக்க நனைந்துவிடும், எது காரணம் என்று தெரியாமல் போகும். உள்ளே எப்போது சொட்டு விழுகிறதோ, அப்போது குழாய் இருக்கிற வரிசையில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

குறி போட்ட இடத்தில் அநேகமாக மூன்றில் ஒன்றைப் பார்ப்பீர்கள். ஒன்று, ஸ்க்ரூவுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். விலை குறைந்த கறுப்பு வாஷர்கள் சில வருஷத்திலேயே இப்படி ஆகிவிடும். இபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்கினால் பல வருஷம் தாங்கும். இரண்டு, ஸ்க்ரூவை இஷ்டத்துக்கு முறுக்கியிருப்பார்கள். வாஷர் பிதுங்கி வெளியே வந்துவிடும், ஷீட்டும் அந்த இடத்தில் குழிந்து கிண்ணம் மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். வாஷர் லேசாக உப்பி நின்றால் போதும், அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம். மூன்று, ஸ்க்ரூ தளர்ந்து ஓட்டை பெரிதாகியிருக்கும். அதை மறுபடி முறுக்கினால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். பழையதைக் கழற்றிவிட்டு ஒரு சைஸ் பெரியதாகப் போடுங்கள். வழக்கமாகப் போடுவது 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. அதற்குப் பதில் 6.3.

இன்னொன்றையும் பாருங்கள். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா? பள்ளத்தில் அடிப்பது ஆளுக்குச் சுலபம், கையும் வழுக்காது. ஆனால் மழைத் தண்ணீர் ஓடுவதும் அதே பள்ளத்தில்தான். உங்கள் கூரையில் பள்ளத்தில் அடித்திருந்தால், வாஷர் கெடுகிற ஒவ்வொரு இடமும் ஒழுகும். அப்படியென்றால் மொத்த ஸ்க்ரூவையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. ஷீட் மாற்றுகிற செலவோடு பார்த்தால் இது மிகச் சின்னத் தொகை.

தாரைப் பற்றி: அது வெயிலில் இளகும், குளிரில் இறுகி வெடிக்கும். வெடித்த பிறகு அதன் அடியில் தண்ணீர் போய் உட்கார்ந்து தகரத்தை அரிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பூசியிருப்பதை முடிந்த அளவுக்குச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒட்டுப்போட வேண்டிய இடத்தில் பியூட்டைல் டேப் ஒட்டுங்கள், அது ஷீட்டோடு சேர்ந்து நீளும். சிலிக்கான் வாங்கினால் நியூட்ரல் வகை என்று கேளுங்கள். பிதுக்கும்போது வினிகர் போலப் புளித்த வாடை வருகிறது பாருங்கள், அது தகரத்துக்கு ஆகாது. அந்தப் புளிப்பு, தகரத்தைத் துருவிலிருந்து காக்கிற துத்தநாக (ஜிங்க்) பூச்சைத் தின்றுவிடும்.

வேளாங்கண்ணியில் கடற்கரைக்கு அருகே வீடு. ஐந்து வருஷத்துக்கு முன் போட்ட ஜிங்க் ஷீட் துருப்பிடிக்கிறது. எனாமல் பெயிண்ட் அடித்தோம். ஒரே வருஷத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. — வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

உரிந்ததற்குக் காரணம் பெயிண்டர் கை இல்லை ஐயா. சாதாரண எனாமலில் இருக்கிற எண்ணெய்ப் பொருள், துத்தநாகத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சோப்பு மாதிரி ஆகிவிடும். பெயிண்டுக்கும் தகரத்துக்கும் நடுவே அந்த வழுக்கல் படலம் உண்டான பிறகு மேலே இருப்பது நிற்காது. எத்தனை கோட் அடித்தாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது இது. உரிந்ததை முழுக்கச் சுரண்டுங்கள். நல்ல தண்ணீரும் சோப்புத்தூளும் போட்டுக் கழுவி, உப்பு போகும்வரை அலசிக் காயவிடுங்கள். துரு இருக்கிற இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து வெறும் இரும்பு தெரியும்படி செய்துவிட்டு, அங்கே மட்டும் ஜிங்க் கலந்த பிரைமர். துத்தநாகம் பளபளவென்று நன்றாக இருக்கிற இடத்தில், கால்வனைஸ்டு, அதாவது துத்தநாகம் பூசிய தகரத்துக்கென்றே விற்கிற பிரைமர். அதற்கு மேல் அக்ரிலிக் பெயிண்ட். துருப்பிடித்த இடத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போகிறது என்றால் அந்த ஷீட்டுக்குப் பெயிண்ட் செலவு வீண், மாற்றிவிடுங்கள்.

ஐந்து வருஷத்தில் எப்படித் துரு வந்தது என்று கேட்பீர்கள். கடையில் அதிகம் கிடைக்கிற ஷீட்டில் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம்தான் இருக்கும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கத்துக்குக் கணக்குப் பார்த்தால் பூச்சின் கனம் எட்டு ஒன்பது மைக்ரான். நம் தலைமுடியே ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும். உப்புக்காற்று அதைச் சாப்பிட எவ்வளவு நாள் ஆகும்? கடலோரத்துக்கு 275 கிராம் பூச்சு கேட்க வேண்டும், அல்லது அலுமினியம் 55 சதவீதம் கலந்த கால்வல்யூம். கடல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் என்றால் நான் அலுமினிய ஷீட்டையே சொல்வேன். ஆனால் அதை இரும்புச் சட்டத்தின் மேல் நேராக வைக்கக்கூடாது, நடுவே ரப்பர் பட்டை வேண்டும். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் நனைந்தபடி ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டில் துரு முதலில் எங்கே வந்தது என்று யோசித்துப் பாருங்கள். தாழ்வாரத்துக்கு அடியில்தானே? மேல்பக்கத்தை மழை கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் படிகிற உப்பு அப்படியே தங்கி, ராத்திரி ஈரத்தில் வேலை செய்கிறது. மாதம் ஒரு தடவை குழாய்த் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். பைசா செலவில்லை, ஷீட்டின் ஆயுளுக்கு இதைப்போல உதவுவது வேறில்லை.

கஜா புயலில் மாட்டுக்கொட்டகைக் கூரை பறந்தது. மறுபடி போட்டதன் மேல் மணல் மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம். போதுமா? — வாசகர், பட்டுக்கோட்டை வட்டம்

போதாது. உங்கள் ஊர் பட்ட பாட்டை 2018 நவம்பரில் நேரில் வந்து பார்த்தவன் நான், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

காற்று கூரையைக் கீழ்நோக்கி அழுத்தும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது எதிர்மாறு. கூரைக்கு மேலே வேகமாகப் பாய்கிற காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. சுவர் இல்லாத கொட்டகையில் கீழே புகுகிற காற்றும் சேர்ந்து தூக்கும். கணக்கு ஒன்று சொல்கிறேன். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையில் சென்னைக்கு வைத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பத்துச் சதுர அடியில் ஏறக்குறைய 140 கிலோ விசை வரும். ஓரங்களிலும் மூலைகளிலும் அதைவிடக் கூடும். அதே பத்துச் சதுர அடி ஷீட்டின் எடை நாலைந்து கிலோ. நீங்கள் பத்தடிக்கு ஒன்று என்று வைத்திருக்கிற மணல் மூட்டை இருபத்தைந்து கிலோ இருக்குமா? அது காற்றை நிறுத்தாது. மூட்டைக்கு அடியில் ஈரம் தங்கித் துருப்பிடிப்பதுதான் மிச்சம். கல்லும் பழைய டயரும் வைக்கிறவர்களும் உண்டு. புயலில் அவையெல்லாம் பறக்கிற ஆயுதங்கள், தயவுசெய்து இறக்கிவிடுங்கள்.

மதுரைக்கு அதே தரநிலை 39 மீட்டர்தான் வைத்திருக்கிறது. வேகத்தில் பார்த்தால் வித்தியாசம் கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 39-க்கும் 50-க்கும் நடுவே விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. மதுரையில் நிற்கிற கூரையைப் பார்த்து அப்படியே கடலோரத்தில் போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் எங்கள் ஊர்ப் பக்கம் கரை ஏறியது. அதற்கு முந்தைய வருஷம் பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தேன். ஸ்க்ரூ ஒன்றுவிடாமல் நெருக்கமாக அடித்திருந்தோம். விடிந்து போய்ப் பார்த்தால் கூரை இல்லை. பக்கத்து முந்திரித் தோப்பில், ஷீட்டும் குறுக்குப் பைப்பும் சட்டமும் ஒன்றோடொன்று பிரியாமல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. ஸ்க்ரூ ஒன்றுகூடக் கழலவில்லை. சட்டத்தைச் சுவரோடு பிடித்திருந்ததுதான் செங்கல்லில் பதித்த இரண்டே இரண்டு கம்பி. அவை செங்கல்லோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. அவர் தோப்பே போய்விட்டிருந்தது, கூரையைப் பற்றிப் பேச அவருக்குத் தெம்பில்லை. அந்த வேலையை என் செலவில் மறுபடி செய்துகொடுத்தேன்.

அதிலிருந்து நான் தலைகீழாகத்தான் யோசிக்கிறேன், அடியிலிருந்து மேலே. தூண் கான்கிரீட் குழியில் மூன்றடியாவது இறங்கியிருக்க வேண்டும். சுவர் என்றால் மேலே கான்கிரீட் பெல்ட் ஓட்டி, அதில் போல்ட் பதித்த இரும்புத் தட்டில் சட்டத்தை வெல்டிங் செய்ய வேண்டும். குறுக்குப் பைப்பைச் சட்டத்தோடு பொட்டு வைத்துவிட்டுப் போகாமல் சுற்றி முழு வெல்டிங். அப்புறம்தான் ஸ்க்ரூ. நடு வரிசைகளில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு அடித்தாலும், ஓரத்து வரிசையிலும் உச்சி வரிசையிலும் எல்லா மேட்டிலும் அடிக்க வேண்டும். காற்று முதலில் கை வைப்பது ஓரத்தில்தான். சட்டத்துக்கு வெளியே ஷீட் ஓரடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள்.

மாடுகளுக்கு: புயல் எச்சரிக்கை வந்தால் கொட்டகையில் கட்டிப்போடாமல் அவிழ்த்துவிடுங்கள்.

மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் ஷீட்டிலிருந்து சொட்டுகிறது. ஓட்டை எங்கே என்று தேடித் தேடி அலுத்துவிட்டோம். — வாசகி, கோத்தகிரி

ஓட்டை இல்லை அம்மா. உங்கள் ஷீட் வியர்க்கிறது. நீலகிரியில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து பெரிய பங்களா வரை தகரக் கூரைதான். மலையில் இந்தத் தொல்லை பழையது.

தகரம் ராத்திரியில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துவிடும். வீட்டுக்குள் சமையல் ஆவி, வெந்நீர் ஆவி, நாம் விடுகிற மூச்சு எல்லாம் மேலே போய் அந்தக் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. உறுதி செய்துகொள்ள ஒரு வழி: நட்சத்திரம் தெரிகிற ராத்திரிக்கு மறுநாள் அதிகமாகச் சொட்டும், மேகம் மூடிய ராத்திரிக்கு மறுநாள் குறையும். ஒழுகல் ஒரு புள்ளியில் விழும். இது அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகப் படர்ந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும்.

மேலே என்ன பூசினாலும் இது நிற்காது. ஆவி வெளியே போக வழி வேண்டும். உச்சியில் முகட்டுத் தகரத்துக்கு அடியில் காற்றுப் போக்கும், தாழ்வாரத்தில் காற்று நுழைய இடைவெளியும் விடுங்கள். எலி வராமல் கம்பி வலை அடித்துக்கொள்ளலாம். குளிருக்குப் பயந்து அந்த இடைவெளிகளில் துணி அடைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடைத்த வீட்டில்தான் அதிகம் சொட்டும். கையில் பணம் இருந்தால் ஷீட்டுக்கு அடியில் வெள்ளி நிறக் குமிழ்த்தாள் ஒட்டலாம். இணைப்புகளை டேப் போட்டு முழுக்க மூட வேண்டும், இடைவெளி விட்டால் ஆவி அதற்குப் பின்னால் போய்த் தங்கும். சமையலறைக்கு மட்டுமாவது ஒரு புகைபோக்கி வையுங்கள்.

மொட்டை மாடியில் மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி ஷீட் போட்டோம். சுவரும் ஷீட்டும் சேர்கிற இடத்தில் சிமெண்ட் பூசியது வெடித்து, சுவர் வழியே தண்ணீர் இறங்குகிறது. — வாசகர், திருச்சி

சிமெண்ட் வெடிக்கத்தான் செய்யும். சுவர் நகராது, தகரம் தினமும் நீண்டு சுருங்கும். இரண்டையும் சிமெண்டால் ஒட்டினால் ஒட்டு எப்படி நிற்கும்? அதோடு, ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியம் கலந்த பூச்சை அரிக்கும். அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்த இடத்தில் ஷீட் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சுவரில் ஷீட்டுக்கு ஆறு அங்குலம் மேலே ஒரு அங்குல ஆழத்துக்கு நீளமாகக் காடி வெட்டுங்கள். சாதாரண ஷீட் தகரத்தையே மடித்துத் தரச் சொன்னால் பட்டறையில் மடித்துத் தருவார்கள்: மேல் விளிம்பு காடிக்குள் போகும், பிறகு சுவரை ஒட்டி இறங்கும், பிறகு ஷீட்டின் மேல் ஆறு அங்குலம் படுக்கும். காடிக்குள் நியூட்ரல் சிலிக்கான் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் அடைத்து மூடுங்கள். இந்த மடிப்புத் தகரத்தைச் சுவரோடு மட்டும் பிடியுங்கள், ஷீட்டோடு சேர்த்து ஸ்க்ரூ அடிக்காதீர்கள். ஷீட் அதற்கு அடியில் தன் போக்கில் நகர்ந்துகொள்ளட்டும். காற்றில் படபடக்கும் என்று பயந்தால் கீழ் விளிம்பை அரை அங்குலம் மடித்துவிட்டால் விறைப்பாக நிற்கும்.

காடி வெட்டச் சோம்பல்பட்டு, தகரத்தைச் சுவரில் ஒட்டி மேலே சிலிக்கான் கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியம் கூரையில் யாரோ கல் எறிவதுபோல 'டக் டக்' என்று சத்தம். பயப்பட வேண்டுமா? — வாசகி, விருதுநகர்

வேண்டாம். இருபதடி ஷீட் ஒன்று, காலையிலிருந்து உச்சி வெயிலுக்குள் 40 டிகிரி சூடேறினால் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஸ்க்ரூ பிடித்துவைத்திருப்பதால் நீள முடியாமல் திணறி, திடீரென்று வழுக்கி நகர்கிறபோது வருகிற சத்தம் அது. ஆனால் வருஷக்கணக்கில் இந்த ஆட்டம் ஸ்க்ரூ ஓட்டையை அகலமாக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரூக்களைப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிறார்கள். ஏப்ரல், மே மாதத்தில் ஷீட் அடியில் உட்காரவே முடியவில்லை. ஈரச் சாக்கு போடலாமா? — வாசகி, வேலூர்

வேலூர் வெயிலில் தகரத்தடியில் படிக்கிற பிள்ளைகளை நினைத்தாலே மனசு கஷ்டப்படுகிறது. சாக்கு போட்டால் குளிரும், ஆனால் தினமும் ஈரம் தங்கி ஷீட்டை அழித்துவிடும். பூச்சு போன பழைய ஷீட்டில் ஒரு கோடையே போதும். மேலே கீற்றுப் பரப்பினாலும் அதே ஈரம்தான், தீ பயமும் உண்டு.

முதலில் கூரையைக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைக் கூல்ரூஃப் பெயிண்ட் இரண்டு கோட் அடியுங்கள். வெறும் தகரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடித்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் கைக்கே தெரியும். தூசி படிந்தால் பலன் குறையும், கோடைக்கு முன்னால் கழுவிவிட வேண்டும். இரண்டாவது, சூடான காற்று உச்சியில் தேங்காமல் வெளியேற எதிரெதிர்ச் சுவர்களில் மேலே இரண்டு ஜன்னல் திறப்பு. மூன்றாவதாகத்தான் ஃபால்ஸ் சீலிங். அதற்கும் ஷீட்டுக்கும் நடுவே ஓரடியாவது இடம் விட்டு, அந்த இடத்துக்கும் காற்றோட்டம் வையுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் பெயிண்ட்.

0.50 மில்லிமீட்டர் என்று விற்ற ஷீட் மெலிசாகத் தெரிகிறது. எப்படிச் சரிபார்ப்பது? — வாசகர், ஈரோடு

பட்டறையில் மைக்ரோமீட்டர் இருக்கும், ஐந்து நிமிஷ வேலை. ஓரத்தில் வெட்டு முனையை விட்டு ஒரு அங்குலம் உள்ளே அளக்கச் சொல்லுங்கள். கலர் ஷீட்டில் சொல்கிற கனம் பூச்சும் பெயிண்டும் சேர்ந்ததா, வெறும் இரும்பு மட்டுமா என்று வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். பூச்சு எத்தனை கிராம் என்பதையும் சேர்த்து. எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

ஷீட் மேல் ஏறி நடக்கலாமா? எங்கே கால் வைப்பது? — வாசகர், அரியலூர்

ஸ்க்ரூ வரிசை தெரிகிறதல்லவா, அதற்கு அடியில்தான் பைப் ஓடுகிறது. அந்தக் கோட்டின் மேலேயே கால் வையுங்கள். பனி காயாத காலையிலும் மழை ஈரத்திலும் ஏறாதீர்கள். மின்கம்பி கூரைக்குப் பக்கத்தில் போனால் அந்தப் பக்கம் வேலையே வேண்டாம், முதலில் மின்வாரியத்தில் சொல்லுங்கள்.

வெளிச்சத்துக்காக நடுவில் போடுகிற கண்ணாடி நார் ஷீட்டை மட்டும் ஒருநாளும் நம்பாதீர்கள். தூசி படிந்து பெயிண்டும் அடித்த பிறகு, அது பக்கத்துத் தகரத்தைப் போலவே தெரியும். 2009-இல் என்னிடம் வேலை செய்த பத்தொன்பது வயதுப் பையன் அப்படி ஒரு ஷீட்டில் கால் வைத்தான். பதினாலு அடி கீழே சிமெண்டுத் தரை. இடுப்பு எலும்பு முறிந்து ஏழு மாதம் படுத்திருந்தான். இப்போது நடக்கிறான், ஆனால் ஏணி ஏற முடியாது. அன்றிலிருந்து எந்தக் கூரையில் ஏறினாலும் முதல் வேலையாகக் கீழே நின்று வெளிச்சம் வருகிற இடங்களைப் பார்த்து, மேலே சிவப்பு பெயிண்டில் பெருக்கல் குறி போடச் சொல்கிறேன். இடுப்பில் கயிறு கட்டாத ஆளை ஏற்றுவதில்லை.

பழைய சிமெண்ட் ஷீட்டும் இப்படித்தான் திடீரென்று உடையும். கோவையிலிருந்து ஒரு வாசகர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றுவது பற்றிக் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அதை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள், உலர்ந்தபடி தேய்க்காதீர்கள். அந்தத் தூளில் இருக்கிற நார் நுரையீரலில் போய்த் தங்கும், நோய் பல வருஷம் கழித்துத்தான் தெரியவரும். தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது.

அடுத்த மாதம் போடுவதற்காக வாங்கி அடுக்கிய புது ஷீட்டுகளில் வெள்ளைப் பொடி படர்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமா? — வாசகர், திண்டிவனம்

அடுக்குக்கு நடுவே மழைத் தண்ணீரோ பனியோ புகுந்திருக்கிறது. காற்றுப் படாமல் நெருக்கி அடுக்கிய ஷீட்டுகளில் ஈரம் மாட்டிக்கொண்டால் துத்தநாகம் இப்படி வெள்ளையாகப் பூக்கும். லேசான பொடி என்றால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் போதும், தாராளமாகக் கூரையில் போடலாம். கம்பி பிரஷ் வேண்டாம், மிச்சப் பூச்சையும் சுரண்டிவிடும். தேய்த்த பிறகு அடியில் கறுப்போ சிவப்போ தெரிகிற ஷீட்டை மட்டும் தனியே வைத்துக் கடைக்காரரிடம் பேசுங்கள்.

மீதியை இன்றைக்கே பிரித்து வையுங்கள். தரையிலிருந்து அரையடி உயரத்தில் கட்டை போட்டு, ஒரு முனை இன்னொரு முனையைவிட உயரமாக இருக்கும்படி சாய்த்து, நடுநடுவே சின்னக் குச்சி கொடுத்து அடுக்குங்கள். தார்ப்பாய் போட்டால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டாமல் இரண்டு பக்கம் திறந்துவிடுங்கள்.